பிரார்த்தனையைப் பற்றியும் கேளுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு,

மனநல சிகிச்சையில் ஆன்மிகத்துக்கு இடமே இருக்கக் கூடாது என்று சென்ற ஞாயிறு உங்கள் நாளிதழில் ஒருவர் எழுதியிருந்தார். அவருடைய பயம் புரிகிறது. ஆனாலும் எனக்கு நடந்ததைச் சொல்லிவிடுகிறேன்.

என் கணவர் தீவிர சிகிச்சைப் பிரிவில் 19 நாள் இருந்தார். 18 இரவும் விடாமல் பிரார்த்தனை செய்தேன். பத்தொன்பதாம் இரவு நாற்காலியிலேயே அசந்து தூங்கிவிட்டேன். விடிகாலையில் எழுப்பித்தான் சொன்னார்கள். நான் கணக்காளராக இருந்து ஓய்வு பெற்றவள். ஒரு தொகை இடித்தால் காரணம் தெரியாமல் பேரேட்டை மூட மாட்டேன். இதற்கும் ஒரு காரணம் கண்டுபிடித்தேன்: அன்று நான் பிரார்த்திக்கவில்லை, அதனால்தான் போய்விட்டார்.

முதலில் பார்த்த ஆலோசகர் நல்லவர்தான். தூக்கம், பசி எல்லாம் விசாரித்தார். மனதில் ஓடுவதை எழுதிவரத் தாள் கொடுத்தார். எழுதினேன், அந்த ஒன்றைத் தவிர. படித்தவர் முன்னால் அதைச் சொல்ல வெட்கமாக இருந்தது. அவரும் அந்தப் பக்கமே வரவில்லை. ஆறு சந்திப்போடு நின்றுவிட்டேன்.

அப்புறம் பிரார்த்தனைக் குழுவில் சிலர் பிடித்துக்கொண்டார்கள். "நம்பிக்கை இருக்கிறவளுக்கு மாத்திரை எதற்கு?" மனச்சோர்வு மாத்திரையைச் சட்டென்று விட்டேன். நான்கே நாளில் தலைசுற்றல், பொட்டுத் தூக்கம் இல்லை. அவற்றை மருத்துவர் சொல்படி கொஞ்சம் கொஞ்சமாகத்தான் குறைக்க வேண்டும் என்று பிறகுதான் தெரிந்தது. ஆகவே கட்டுரையாளரைவிட எனக்கு இந்தப் பக்கத்துப் பயம் அதிகம்.

இரண்டாவது ஆலோசகர் முதல் நாளே கேட்டார்: "கஷ்டம் வரும்போது எதைப் பிடித்துக்கொள்வீர்கள்?" பதினைந்து நிமிடம் அழுதிருப்பேன். பிறகு சொல்லிவிட்டேன். "அப்படியெல்லாம் இல்லை அம்மா" என்று அவர் தட்டிவிடவில்லை. சில வாரம் கழித்து, "ஒரு இரவு தூங்கியதற்கு இப்படி வசூலிக்கிறவரையா இத்தனை வருடம் கும்பிட்டீர்கள்?" என்றார். கோபம் வந்தது. வீட்டில் உட்கார்ந்து யோசித்து, அடுத்த வாரம் போய் "இல்லை" என்றேன். அவருக்குக் கடவுள் நம்பிக்கை உண்டா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

உளவியலாளர் கென்னத் பர்கமென்ட் இதைத்தான் பிரித்துப் பார்த்தார். கடவுள் துணை நிற்கிறார் என்று எண்ணுவது வேறு, தண்டிக்கிறார் என்று எண்ணுவது வேறு. தண்டனை என்று நினைப்பவர்களிடம் மனத்துயரமும் கூடுதலாகவே காணப்பட்டது. பக்தி நல்லதா கெட்டதா என்று மொத்தமாகக் கேட்டால் இது எப்படிப் பிடிபடும்?

ஆலோசகர்கள் மதம் பரப்பக் கிளம்பிவிடுவார்கள் என்கிறார் கட்டுரையாளர். உலக மனநல மருத்துவச் சங்கத்தின் நிலைப்பாட்டறிக்கை 2016இல் வெளியானது. நோயாளியின் ஆன்மிக நம்பிக்கையை விசாரிக்கச் சொல்லும் அதே அறிக்கை, தொழிலைப் பயன்படுத்தி மதத்தையோ மதமறுப்பையோ பரப்பக் கூடாது என்றும் சொல்கிறது. என் இரண்டாவது ஆலோசகர் செய்தது சரியாக அவ்வளவுதான்.

முதல் நாள் நிரப்பும் படிவத்தில் மது, புகை, ஒவ்வாமை எல்லாவற்றுக்கும் கட்டம் இருக்கிறது. நம்பிக்கைக்கும் ஒரு வரி விடலாம். இல்லாதவர்கள் கோடு போட்டுவிட்டுப் போகட்டும்.

இப்படிக்கு,
ஒரு வாசகி