தமிழ்வாணன் பிறந்த ஊர்ல அவரு புத்தகத்துக்கு ஒரு ரூம் கேட்டு மனு

நாள்: 10.11.2025, திங்கள்கிழமை

அனுப்புநர்: தேவகோட்டையில டைப்பிங் சென்டர் வச்சிருக்கிற ஒருத்தன் (பேரு, விலாசம், ஆதார் ஜெராக்ஸ் தனியா பின் பண்ணிருக்கு)

பெறுநர்: மாவட்ட ஆட்சியர் அவர்கள், சிவகங்கை மாவட்டம்

பொருள்: எழுத்தாளர் தமிழ்வாணனோட 50ஆவது நினைவு நாள் (10.11.2027) வர்றதுக்குள்ள தேவகோட்டையில அவரு பேர்ல ஒரு வாசிப்பு அறை அமைச்சுத் தரக் கோருதல் தொடர்பாக.

ஆட்சியர் அவர்களுக்கு வணக்கமுங்க.

நான் பல வருஷமா மத்தவங்களுக்கு மனு அடிச்சுக் குடுக்குறவன். பட்டா மாறுதல், முதியோர் பென்ஷன், ரேஷன் கார்டுல பேரு நீக்கல், எல்லாம் பழக்கம், "தங்களது மேலான கவனத்திற்கு"ன்னு என் விரலு தூக்கத்துலகூட அடிச்சிரும். எனக்குன்னு ஒரு மனு அடிக்கிறது இதான் மொத தடவ. மொதல்ல அந்த பாஷையிலதான் அடிச்சுப் பார்த்தேன், படிச்சா ஏதோ வாய்க்கால் ஆக்கிரமிப்பு மனு மாதிரி இருந்துச்சு, அழிச்சுட்டேன். அதனால பேசுற மாதிரியே எழுதுறேன், தப்பா எடுத்துக்காதீங்க.

இன்னிக்கு தமிழ்வாணன் செத்து 48 வருஷம் ஆகுது. 1977 நவம்பர் 10. இந்த வருஷம் அது திங்கக்கிழமையா, மனு குடுக்குற நாளா பாத்து வந்து விழுந்துச்சு, அதான் கடைய சாத்திட்டு காளையார்கோவில் பஸ்ஸைப் பிடிச்சு வந்துட்டேன்.

ஆபீஸ்ல இருக்கிற சின்னப் பசங்களுக்கு அவரு யாருன்னு தெரியாம இருக்கலாம், அதனால கொஞ்சம் சொல்லிடுறேன். எங்க ஊரு தேவகோட்டையில பொறந்தவரு, ராமநாதன்னு பேரு. மெட்ராஸ் போயி 'அணில்'னு ஒரு சின்னப் புள்ளைங்க பத்திரிகையில இருந்தாரு, அப்புறம் குமுதம் எஸ்.ஏ.பி. அண்ணாமலை 1948ல ஆரம்பிச்ச 'கல்கண்டு' பத்திரிகைக்கு ஆசிரியரா ஆனாரு, கடைசி வரைக்கும் அதுதான் அவரு கோட்டை. தொப்பியும் கறுப்புக் கண்ணாடியும்தான் அடையாளம், அந்த ரெண்டையும் மட்டும் வரைஞ்சாலே ஆளு யாருன்னு சொல்லிருவாங்க. எதுக்கெடுத்தாலும் "துணிவே துணை". அவரு உண்டாக்குன சங்கர்லால்னு ஒரு துப்பறியிறவரு, பெர்லின் போவாரு, ஹாங்காங் போவாரு, நியூயார்க் போவாரு, எங்க போனாலும் நல்ல தமிழ் பேசுவாரு, யோசிக்கணும்னா தேநீர் வேணும். டீன்னு சொல்லமாட்டாரு, தேநீர்தான். (அவருக்காக எழுதுற மனுவுல இவ்வளவு இங்கிலீஷு கலந்திருக்கேனே, அவரு பார்த்தா கண்ணாடியக் கழட்டி ஒரு முறை முறைப்பாரு.)

எங்க பக்கத்து நகரத்தாருங்க பர்மா, மலேயான்னு கப்பலேறி கொண்டுவிக்க, அதாவது வியாபாரம் பண்ணப் போனவங்க, அவங்க வீட்டுல வெளிநாடுங்கிறது பெரிய விஷயமில்ல. ஆனா தேவகோட்டை ரஸ்தாவுல ரயிலு போறத மட்டும் பார்த்துட்டுத் திரும்பி வந்த பசங்களுக்கு பிளைட்டு ஏத்திவிட்டது சங்கர்லால்தான். அந்தப் பசங்கள்ல ஒருத்தரு எங்க அப்பா.

அப்பா ஒரு பெரிய வீட்டுக்குக் காவலு. வருஷத்துக்கு ஒரு படைப்புக்கோ (முன்னோருக்குக் கும்பிடுறது) கல்யாணத்துக்கோதான் ஆளுங்க வருவாங்க, மத்த நாளெல்லாம் பூட்டியே கெடக்கும். அவரு காலையில முகப்பைத் தொறந்து, வளவை (உள்முற்றத்தை) கூட்டி, ஜன்னலைத் தொறந்து காத்து விட்டு, சாயங்காலம் திரும்பப் பூட்டணும், அவ்வளவுதான் வேலை. அந்த வீட்டு ஆச்சி ஒருத்தவங்க பெரிய படிப்பாளி, வாராவாரம் கல்கண்டுல வந்த தொடர்கதைப் பக்கத்தை மட்டும் உருவி, சேத்து வச்சு, பைண்டு பண்ணி ரெண்டாங்கட்டுல ஒரு பெட்டகத்துல அடுக்கி வச்சிருந்தாங்க. "படிச்சுட்டு எடுத்த எடத்துல வையிப்பா, மடக்காத"ன்னு அப்பாகிட்ட சாவியவே குடுத்துட்டாங்களாம். மத்தியானம் பூரா பட்டாலையில (கூடத்துல), அந்த வழுவழு கல்லுத் தரையில குப்புறப் படுத்துக்கிட்டு படிச்சாரு. எட்டாவதோட நின்ன மனுசன், பெர்லின் சுவரு எங்க இருக்கு, விரல் ரேகை எப்படி எடுக்குறது, எல்லாம் சொல்லுவாரு. கேட்டா "கல்கண்டு துணுக்கு"ம்பாரு.

1977ல செய்தி வந்த அன்னிக்கு டீக்கடையில யாரோ பேப்பரை சத்தமா வாசிச்சாங்களாம், அப்பா நேரா வீட்டைத் தொறந்து அந்தப் பெட்டகத்துக்கு முன்னாடி கொஞ்ச நேரம் உக்காந்துட்டு வந்தேன்னு சொல்லுவாரு. எனக்கு வேற எந்த துக்கத்தையும் அவரு இப்படி சொன்னதா ஞாபகமில்ல.

அப்புறம் ஆச்சியும் போயிட்டாங்க, பங்கு நெறைய ஆச்சு, வீட்டைப் பிரிச்சு வித்தாங்க. தேக்குத் தூணு லாரி ஏறுச்சு, நெலைக்கதவு காரைக்குடி பழம்பொருள் கடைக்குப் போச்சு, ஆத்தங்குடிக் கல்லைக்கூட பேத்தெடுத்தாங்க. புத்தகம் மட்டும் எடைக்கு. தராசுல கல்லு வச்சு நிறுத்தாங்க, நான் நின்னு பார்த்தேன். அப்பா தகராறு பண்ணி ஒண்ணே ஒண்ணு வாங்கிட்டு வந்தாரு. அது இப்ப என் கடையில ஜெராக்ஸ் மெஷினு மேல இருக்கு. காலிகோ துணி அட்டை, சணல் நூல் தையலு, முதுகுல ஆச்சி கையெழுத்துல 'சங்கர்' வரைக்கும் இருக்கு, மிச்சத்தைப் பூச்சி தின்னுருச்சு. மொதப் பக்கம் இல்ல, அதனால கதைப் பேரு தெரியாது. கடைசி அத்தியாயத்தையும் கரையான் அரிச்சிருச்சு, அதனால கொலைகாரன் யாருன்னும் தெரியாது. எல்லாரையும் சங்கர்லால் கூட்டி வச்சு "குற்றவாளி இந்த அறையில்தான்"ங்கிற மாதிரி ஒரு எடத்துல வந்து நிக்குது.

அப்பாவுக்கு இப்ப 76. படிச்சதுதான், முடிவு மறந்துபோச்சு. அதைக் கண்டுபிடிக்கலாம்னு ஒரு நூலகத்துக்குப் போனேன் (எந்த நூலகம்னு சொல்லல, புகார் குடுக்க வரல நான்). "சங்கர்லால் கதை இருக்குங்களா"ன்னு கேட்டேன். அங்க இருந்தவரு நிமிர்ந்துகூடப் பாக்காம "ஹிந்தி புக்கெல்லாம் அந்தக் கடைசி ரேக்கு"ன்னாரு. சிரிக்கிறதா அழுவுறதான்னு தெரியல.

இந்த மனுவுக்குக் காரணமே அந்த ஒரு பதிலுதான்.

செலை கேக்கலீங்க. தயவுசெஞ்சு செலை வேண்டாம், தொப்பி வேற இருக்கு, காக்காய்க்கு வசதியாப் போயிடும். எனக்கு வேண்டியது தேவகோட்டையில அரசாங்கக் கட்டடம் எதுலயாவது ஒரு ரூம்பு, நாலு அலமாரி, பெஞ்சு, ஃபேனு. அவரு கதைங்களை மணிமேகலைப் பிரசுரத்துல அவரு பிள்ளைங்க இன்னமும் போடுறாங்க, நூலகத்துறை மூலமா ஒரு செட்டு வாங்கி வைக்கலாம். உரிமை அவங்க குடும்பத்தோடது, நாட்டுடைமை அது இதுன்னு நான் கேக்கல. ஆனா பழைய கல்கண்டு? அது கடையில கெடைக்காது. அது கண்டனூர், பள்ளத்தூர், கானாடுகாத்தான்னு பூட்டிக் கெடக்குற வீட்டுப் பெட்டகத்துலதான் இருக்கும், அடுத்த வீடு பிரிக்கிறப்ப அதுவும் எடைக்குப் போகும். உங்க ஆபீஸ் பேர்ல ஒரு அறிவிப்பு வந்தா ஜனங்க குடுப்பாங்க. நானு கேட்டா பழைய பேப்பர்காரன்னு நெனைப்பாங்க, கலெக்டர் கேட்டா மரியாதை வேற. குடுக்க மனசில்லாதவங்ககிட்ட வாங்கி, குடும்பத்துகிட்டயும் பத்திரிகைகிட்டயும் அனுமதி கேட்டு, தமிழ் இணையக் கல்விக்கழகம் மூலமா ஸ்கேன் பண்ணிட்டுத் திருப்பிக் குடுத்துடலாம்.

கோட்டையூர் ரோஜா முத்தையா செட்டியாரு தனி ஆளா நின்னு ஆயிரக்கணக்குல புத்தகமும் நோட்டீஸும் சேத்து வச்சாரு, அவரு காலத்துக்கப்புறம் அது சென்னையில நூலகமா இருக்கு. நல்லா பத்திரமா இருக்கு, அதுல குறை சொல்லல. ஆனா கோட்டையூர்க்காரனுக்கு அதைப் பாக்க ராத்திரி பஸ்ஸு ஏறணும். இதாவது இங்கயே இருக்கட்டுமே.

அப்புறம் விழா. காரைக்குடியில கண்ணதாசன் மணிமண்டபத்துல ஜூன் 24க்கு அரசு சார்புல மாலை போடுறீங்க, சந்தோஷம். இவருக்கு மாலை, பொன்னாடை, ரெண்டு மணி நேரம் பேச்சு வேண்டாம். நவம்பர் 10 அன்னிக்கு பள்ளிக்கூடப் புள்ளைங்களை அந்த ரூம்புல உக்கார வச்சு ஒரு சங்கர்லால் கதையை சத்தமா வாசிச்சு, கடைசி அத்தியாயத்துக்கு முன்னாடி நிறுத்திடணும். யாரு குற்றவாளின்னு துண்டுச்சீட்டுல எழுதிப் போடச் சொல்லணும். சரியாச் சொன்ன புள்ளைக்கு அந்தப் புத்தகத்தையே குடுத்துடலாம். 2027ல இதை மொத தடவையா செஞ்சா, 50ஆவது வருஷத்துக்கும் சரியா இருக்கும்.

கட்டபொம்மனைக் கொள்ளைக்காரன்னு சொல்லி அவரு எழுதின புத்தகத்தைக் காட்டி யாராவது ஆட்சேபம் சொல்லுவாங்கன்னு தெரியும். அந்த விஷயத்துல எனக்கும் அவரு சொன்னது பிடிக்காது, அப்பாவுக்கும் பிடிக்காது, அந்த ஒரு புத்தகத்துக்காக மட்டும் அவரை ரொம்ப நாளு திட்டிட்டு இருந்தாரு. அலமாரியில அதையும் வைங்க, மறுத்து எழுதினதையும் பக்கத்துலயே வைங்க.

ரூம்பு அமைஞ்சா மொத புத்தகமா ஆச்சியோட பைண்டிங்கை நான் தந்துடுறேன், அப்பாகிட்ட சம்மதம் வாங்கியாச்சு. அவரு ஒரே ஒரு நிபந்தனைதான் போட்டாரு, யாராவது கடைசி அத்தியாயத்தைக் கொண்டுவந்தா மொதல்ல அவருக்குப் போன் பண்ணணுமாம்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
(கையொப்பம்)

இணைப்பு: மேற்படி புத்தகத்துல மிஞ்சியிருக்கிற கடைசிப் பக்கத்தோட ஜெராக்ஸ் 1. ஆபீஸ்ல யாருக்காவது படிச்ச ஞாபகம் இருந்தா, குற்றவாளி பேரை ஓரத்துல பென்சில்ல குறிச்சு அனுப்பவும்.