தமிழ் வழிகாட்டித் தளத்துக்கு எந்தக் கருவி? சரவணனுக்கு

அன்புள்ள சரவணா,

நாங்கள் நலம். அல்சூர் பக்கம் வீடு மாறிவிட்டோம். மகள் பள்ளியில் கன்னடம் எழுதப் பழகுகிறாள், தமிழை வீட்டில் நான்தான் சொல்லித் தருகிறேன். அம்மாவுக்கு முட்டிவலி இப்போது எப்படி இருக்கிறது?

சங்கத்துக்கு நீ எழுதிய பில்லிங் மென்பொருளுக்குத் தமிழில் ஒரு வழிகாட்டித் தளம் வேண்டும், எதில் செய்யலாம் என்று கேட்டிருந்தாய். இணையதளம் கட்டும் கருவியான அஸ்ட்ரோ உனக்குத் தெரியும் என்பதால், அதன்மேல் வழிகாட்டித் தளங்களுக்காகவே செய்த ஸ்டார்லைட்டையே எடுத்துக்கொள். அஸ்ட்ரோ குழுவே 2023-இல் வெளியிட்டது. மார்க்டவுன் கோப்புகளை (எளிய குறிகளோடு எழுதும் உரைக் கோப்புகள்) போட்டால் பக்கப்பட்டி, தேடல், இருள் நிறம் எல்லாம் கூடவே வந்துவிடும். ரியாக்ட், வ்யூ என்ற ஜாவாஸ்கிரிப்ட் கருவிகளில் பழகியவர்களுக்கு முறையே டாக்குசாரஸ், வைட்பிரஸ் என்று இதே வேலைக்கு இருக்கின்றன, அவையும் நல்லவைதான்.

தோற்றத்தை மாற்ற இரண்டு வழி உண்டு: சிஎஸ்எஸ் மாறிகளை (நிறம், அளவு போன்றவற்றைக் குறிக்கும் மதிப்புகள்) திருத்துவது, இல்லையென்றால் தலைப்புப் பட்டை, அடிப்பகுதி போன்ற கூறுகளையே எடுத்துவிட்டு உன்னுடையதை வைப்பது. முடிந்தவரை முதல் வழியிலேயே நில். ஒரு கூறை மாற்றிவிட்டால் அது உன் பொறுப்பு, ஒவ்வொரு புதிய பதிப்பு வரும்போதும் உட்கார்ந்து ஒப்பிட வேண்டியிருக்கும், தனி ஆளாக உன்னால் அது முடியாது.

தமிழுக்குத் தேவையானதில் பெரும்பகுதி மாறிகளிலேயே முடிந்துவிடும். தலைப்புகளின் வரி உயரம் 1.2 என்று வருகிறது. ஆங்கிலத்துக்குப் போதும், ஆனால் நமக்கு இரண்டு வரித் தலைப்பு வந்தால் மேல்வரி 'ழு'வின் வாலும் கீழ்வரி 'கீ'யின் கொக்கியும் முட்டிக்கொள்ளும். 1.5 வைத்துப் பார். எழுத்துருவுக்கு முக்தா மலர் அல்லது நோட்டோ சான்ஸ் தமிழ், இரண்டும் திறந்த உரிமத்தில் கிடைக்கின்றன. அப்புறம் சாய்வெழுத்து. எழுத்துருவில் சாய்வு வடிவம் இல்லாவிட்டால் உலாவியே நேரெழுத்தை இழுத்துச் சாய்த்துவிடும், பார்க்கவே சகிக்காது, அதை நிறுத்திவிட்டு அழுத்தமான எழுத்தாக மாற்று. நம் சொற்கள் நீளம், பக்கப்பட்டியைக் கொஞ்சம் அகலப்படுத்து.

கோப்புப் பெயர்களை மட்டும் ஆங்கில எழுத்தில் வை. கணினி எழுத்தைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் தமிழ்க் குறி ஒவ்வொன்றும் 3 பைட் ('நி'யில் 'ந' ஒன்று, கொக்கி ஒன்று என இரண்டு குறி), முகவரியில் ஒவ்வொரு பைட்டும் %E0 போல மூன்று எழுத்தாக மாறுவதால் ஒரு குறி 9 எழுத்தாகிவிடும். ஏழு குறி உள்ள 'நிறுவல்' என்ற ஒரு சொல்லே 63 எழுத்து! வாட்ஸ்அப்பில் அந்தச் சுட்டியைப் பார்ப்பவர் வைரஸோ என்று பயந்து தொடவே மாட்டார்.

தேடலுக்கு ஸ்டார்லைட்டின் உள்ளே இருப்பது பேஜ்ஃபைண்ட் என்ற கருவி. தளத்தைக் கட்டும்போதே எந்தச் சொல் எந்தப் பக்கத்தில் என்ற அட்டவணையைத் துண்டு துண்டாகச் செய்து வைத்துவிடும், உலாவி தேவையான துண்டை மட்டும் இறக்கிக்கொள்ளும், தனி சர்வர் வேண்டாம். பக்கத்தின் மொழிக் குறியீட்டைப் பார்த்துத்தான் அது அட்டவணையைப் பிரிக்கிறது, எனவே தமிழ் என்று சரியாகக் கொடு. உருபு சேர்ந்த சொல்லும் சரியாகக் கிடைக்கிறதா என்று கணக்கு, கணக்கில், கணக்கை மூன்றையும் தேடிப் பார்த்துவிட்டு வெளியிடு.

பொத்தான்களின் பெயர்களை நீயே ஒரு கோப்பில் தமிழில் எழுதிக்கொள்ளலாம். அதைத் தனியாக உட்கார்ந்து எழுதாதே. சங்கத்தில் பில் போடும் அக்காக்களிடம் கேள், அவர்கள் வாயில் வரும் சொல்லையே போடு. அவர்களுக்காகத்தானே இவ்வளவும். மொழிபெயர்க்காத பக்கம் இருந்தால், ஆங்கிலத்தை உன் முதன்மை மொழியாக வைத்திருக்கும்வரை, ஒரு குறிப்போடு ஆங்கிலப் பக்கமே தெரியும், அதனால் எல்லாம் முடியட்டும் என்று காத்திருக்க வேண்டாம்.

நாலு பக்கம் ஆனதும் சுட்டியை அனுப்பு. வீட்டில் கிடக்கும் பழைய ஆண்ட்ராய்டு போனில் திறந்து பார்த்துச் சொல்கிறேன்.

அன்புடன்,
பாலு