கடலில் சேர்க்கச் சொன்னவர்

அன்புள்ள மல்லிகா,

உன் கடிதம் வந்து பத்து நாள் ஆகிவிட்டது. கோபித்துக்கொள்ளாதே, நீ கேட்டிருந்த கேள்விக்கு அவசரமாக நாலு வரி எழுதிப் போட மனம் வரவில்லை. முட்டி ஆபரேஷனுக்கு அப்புறம் மாடிப்படி ஏற ஆரம்பித்துவிட்டாய் என்று படித்ததும் நிம்மதியாக இருந்தது. பிசியோதெரபியை மட்டும் நடுவில் விட்டுவிடாதே, உன்னை எனக்குத் தெரியும். இங்கே சின்னவளுக்கு மான்செஸ்டரில் வேலை கிடைத்துப் போய்விட்டாள். சாயங்காலமானால் வீடு வெறிச்சோடிக் கிடக்கிறது. நான் ஓய்வு பெற்று வருகிற மாசியோடு ஒரு வருடம் ஆகப்போகிறது.

சரி, உன் கேள்விக்கு வருகிறேன். உடல் தானப் படிவத்தை வாங்கி வந்து மேசைமேல் வைத்த நாளிலிருந்து உன் பிள்ளை பிரபு முகம் கொடுத்துப் பேசுவதில்லை என்று எழுதியிருந்தாய். "கடைசியில் உன்னைக் கண்ணாடிப் பெட்டியில் நிறுத்தி டிக்கெட் போட்டுக் காட்டுவார்கள்" என்று சொல்லி, எங்கோ நடந்த கண்காட்சி வீடியோவையும் போட்டுக் காட்டினானாமே. அந்தப் பயம் அர்த்தமில்லாதது என்று என்னால் சொல்ல முடியவில்லை. அப்படி நிறுத்தப்பட்ட ஒருவரை நானே இங்கே லண்டனில் பார்த்திருக்கிறேன். மறுபடி போய்ப் பார்த்துவிட்டு எழுதலாம் என்று போன வியாழக்கிழமை குடையை எடுத்துக்கொண்டு கிளம்பினேன்.

லிங்கன்ஸ் இன் ஃபீல்ட்ஸ் பூங்காவை ஒட்டி ராயல் அறுவை மருத்துவர் கல்லூரி இருக்கிறது. அதற்குள்ளே ஹன்டேரியன் அருங்காட்சியகம். 18-ஆம் நூற்றாண்டு அறுவை மருத்துவர் ஜான் ஹன்டர் சேர்த்துவைத்த உடற்கூறு மாதிரிகள்தான் அதன் அடிப்படை. நான் இந்த நாட்டுக்கு வந்த புதிதில் ஒருமுறை போயிருக்கிறேன். அப்போது உயரமான கண்ணாடிப் பெட்டி ஒன்றில் பழுப்பேறிய எலும்புக்கூடு நின்றது. 7 அடி 7 அங்குலம். அண்ணாந்து பார்த்தேன், தொடை எலும்பின் நீளத்தைப் பார்த்து வாயடைத்துப் போனேன், பக்கத்துப் பெட்டிக்கு நகர்ந்துவிட்டேன். அவருக்கு ஒரு பேர் இருந்தது என்பது அன்றைக்கு என் மனதில் பதியவே இல்லை. இதை உன்னிடம் சொல்லும்போது வெட்கமாக இருக்கிறது.

அவர் பெயர் சார்லஸ் பைர்ன். அயர்லாந்தின் வட பகுதியில் ஒரு கிராமத்துப் பையன். 1782-ல் லண்டனுக்கு வந்து, காசு வாங்கிக்கொண்டு தன் உயரத்தைக் காட்டிப் பிழைத்தார். 8 அடிக்கும் மேல் என்று விளம்பரம் செய்தார்கள். கொஞ்ச நாள் ஊரே அவரைப் பற்றித்தான் பேசியது, அப்புறம் கூட்டம் குறைந்தது. சேர்த்து வைத்திருந்த 700 பவுண்டையும் ஒருநாள் சட்டைப்பையிலிருந்து யாரோ அடித்துவிட்டார்கள். குடி அதிகமாகி, உடம்பும் கெட்டு, 1783 ஜூனில் இறந்தபோது அவருக்கு 22 வயது. நம் வீட்டுச் சின்னவளைவிட இளையவர்.

படுக்கையில் கிடந்தபோதே தன்னை யார் காத்துக்கொண்டிருக்கிறார்கள் என்று அவருக்குத் தெரிந்திருக்கிறது. திமிங்கலத்தைச் சுற்றி வளைத்த மாதிரி அறுவை மருத்துவர்கள் அவர் வீட்டைச் சுற்றி நிற்கிறார்கள் என்று ஒரு பத்திரிகையே எழுதியது. அதனால் நண்பர்களிடம் ஒன்றே ஒன்று கேட்டார்: என் உடம்பை ஈயப் பெட்டியில் வைத்து மூடி நடுக்கடலில் இறக்கிவிடுங்கள், அவர்கள் கையில் சிக்கக்கூடாது. அவர்களும் பெட்டியை எடுத்துக்கொண்டு கடற்கரைக்குப் போனார்கள். ஆனால் வழியிலேயே காசு கைமாறி உடல் ஹன்டரிடம் போய்விட்டது. 500 பவுண்டு என்று சொல்கிறார்கள். ஹன்டர் உடலைக் கொப்பரையில் போட்டு வேகவைத்து எலும்பை எடுத்தார். நாலு வருடம் வெளியே சொல்லவில்லை. அப்புறம் தன் சேகரிப்பில் நிறுத்தினார். 1941-ல் குண்டு விழுந்து சேகரிப்பில் பெரும்பகுதி அழிந்தபோதும் பைர்ன் தப்பினார்.

அறிவியலுக்குப் பயன்படவில்லையா என்று நீ கேட்பாய், கேட்க வேண்டிய கேள்விதான். 1909-ல் மூளை அறுவை மருத்துவர் ஹார்வி குஷிங் அந்த மண்டையோட்டைத் திறந்து பார்த்து, உடல் வளர்ச்சியைக் கட்டுப்படுத்தும் பிட்யூட்டரி சுரப்பி உட்காரும் குழி பெரிதாகியிருந்ததைக் கண்டார். 2011-ல் அவருடைய பல்லிலிருந்து டிஎன்ஏ எடுத்து, அந்த உயரத்துக்குக் காரணமான ஒரு மாற்றம் ஏஐபி என்ற மரபணுவில் இருப்பதைக் கண்டுபிடித்தார்கள். வட அயர்லாந்தில் இன்றைக்கும் சில குடும்பங்களில் அதே மாற்றம் இருக்கிறது. அவர்களுக்கு முன்கூட்டியே பரிசோதனை செய்ய முடிகிறது, அது பெரிய நன்மை. ஆனால் அதற்குப் பல் போதுமாயிருந்தது. 200 வருடத்துக்கு மேல் விளக்குப் போட்டு நிற்க வைத்ததற்கும் அந்தக் குடும்பங்களுக்குக் கிடைத்த நன்மைக்கும் ஒரு சம்பந்தமும் இல்லை.

2017-ல் புதுப்பிப்பதற்காக மூடிய அருங்காட்சியகத்தை 2023-ல் திறந்தபோது பைர்னை வெளியே வைக்கவில்லை. எலும்புகள் கல்லூரியிடமே இருக்கின்றன, ஆராய்ச்சிக்கு மட்டும் என்கிறார்கள். கடலுக்கு இன்னும் போகவில்லை. அதனால் எனக்குப் பாதி நிம்மதிதான். இப்போது அங்கே ஜோஷுவா ரெனால்ட்ஸ் வரைந்த ஹன்டரின் ஓவியம் மாட்டியிருக்கிறது. கையில் பேனாவோடு எங்கோ யோசனையில் உட்கார்ந்திருக்கிறார் ஹன்டர். வலது பக்கம் மேல் மூலையைப் பார்த்தால் சட்டத்துக்கு வெளியே எங்கோ தொங்குகிற மாதிரி நீளமான இரண்டு கால் எலும்புகள், பாதங்களோடு. பைர்னின் கால்கள்தான். அதற்கு முன்னால் ரொம்ப நேரம் நின்றேன் மல்லிகா. ஒரு பள்ளிக்கூடப் பிள்ளைகள் கூட்டம் வந்து, பார்த்து, போயும்விட்டது.

அங்கிருந்து ஹோபோர்ன் வழியாக வடக்கே அரை மணி நேரம் நடந்தால் லண்டன் யுனிவர்சிட்டி காலேஜ். அதன் மாணவர் மையத்தில் ஜெரமி பெந்தாம் உட்கார்ந்திருக்கிறார். சட்டச் சீர்திருத்தம் பற்றி எழுதிய அதே பெந்தாம்தான். 1832 ஜூனில் 84 வயதில் இறந்தார். என்னை எல்லார் முன்னாலும் அறுத்துப் பாடம் நடத்துங்கள், அப்புறம் எலும்புகளுக்கு என் உடுப்பை மாட்டி, நாற்காலியில் உட்கார வைத்துப் பாதுகாத்து வையுங்கள் என்று உயில் எழுதியிருந்தார். மூன்று நாள் கழித்து, இடி மின்னலுக்கு நடுவே, அவருடைய நண்பர் சவுத்வுட் ஸ்மித் அதை நிறைவேற்றினார். உள்ளே வைக்கோல் அடைத்து, தொப்பியும் கைத்தடியும் கொடுத்து உட்கார வைத்திருக்கிறார்கள். தலை மட்டும் மெழுகு. உண்மைத் தலையைப் பதப்படுத்தியது சரியாக வராமல் முகம் விகாரமாகிவிட்டதாம். பிள்ளைகள் காபிக் கோப்பையோடு அவரைத் தாண்டி வகுப்புக்குப் போகிறார்கள். எனக்கு அங்கே கொஞ்சமும் சங்கடமாக இல்லை. அவர் கேட்டுக்கொண்டபடி உட்கார்ந்திருக்கிறார், அவ்வளவுதான்.

பெந்தாம் இறந்த இரண்டே மாதத்தில் இங்கே உடற்கூறுச் சட்டம் வந்தது. அதற்கு முன்னால் அறுத்துப் பாடம் நடத்த, தூக்கிலிடப்பட்ட கொலையாளிகளின் உடல்தான் சட்டப்படி கிடைக்கும். மிச்சத்துக்குக் கல்லறையைத் தோண்டுவார்கள். எடின்பரோவில் பர்க், ஹேர் என்ற இரண்டு பேர் 16 பேரைக் கொன்றே உடல் விற்றார்கள். புதுச் சட்டம் ஏழை விடுதிகளிலும் ஆஸ்பத்திரிகளிலும் செத்து, கேட்க ஆளில்லாதவர்களை மேசைக்கு அனுப்பியது. பெந்தாம் தானாகக் கொடுத்ததை ஏழைகளிடம் கேட்காமலே எடுத்துக்கொண்டார்கள். அந்த ஏற்பாடுதான் கப்பலேறி நம் ஊருக்கும் வந்தது.

நாம் உடல் அறுத்துப் படித்த ஹாலில் அந்த ஐந்தாம் மேசை ஞாபகம் இருக்கிறதா? முதல் நாள் ஃபார்மலின் நெடியில் கண் எரிந்து நீ வெளியே ஓடினாய், நான் உன் பின்னாலேயே வந்தேன். திரும்பி உள்ளே போனபோது ஹாலில் வேலை பார்த்த அண்ணன் துணியை விலக்கி வைத்திருந்தார். வயதான அம்மா. முடியை ஒட்ட வெட்டியிருந்தார்கள். காது மடலில் தண்டட்டி போட்டுத் தொங்கிய பெரிய துளை. இடது முன்கையில் பச்சைக் கோலம், அதற்குக் கீழே ஒரு பெயர். ஃபார்மலினில் தோல் கருத்துவிட்டதில் எழுத்து பாதிதான் தெரிந்தது. பெரியாஸ்பத்திரியில் யாரும் வாங்க வராத உடல் என்று மட்டும் சொன்னார்கள். முன்கைக்கு வந்த வாரம் அந்தக் கோலத்தைத் தாண்டித்தான் தோலைப் பிரித்தாக வேண்டும். ஸ்கால்பெல் என் கையில் இருந்தது. நீ கொஞ்சம் இரு என்று சொல்லி, அந்த எழுத்தை விரலால் தடவிப் பார்த்தாய். அப்புறம் நான் பிரித்தேன். நரம்பு, தசைநார் எல்லாம் அவரிடம்தான் கற்றுக்கொண்டேன். இத்தனை வருட வேலையில் எத்தனை கையை ஊசி போடத் திருப்பிப் பிடித்திருப்பேன்! எல்லாவற்றுக்கும் முதல் கை அதுதான். அந்த அம்மாவிடம் யாரும் ஒரு வார்த்தை கேட்டதில்லை.

பிரபு காட்டிய வீடியோ எது என்று எனக்குத் தெரியாது. உடலைக் கெடாமல் பதப்படுத்தி நிறுத்தும் அந்த முறையைக் கண்டுபிடித்தவர் ஜெர்மனியின் ஹைடல்பெர்க்கில் இருந்த குந்தர் ஃபான் ஹாகன்ஸ், 1977-ல். உடலில் உள்ள நீரையும் கொழுப்பையும் அசிட்டோனால் வெளியேற்றி, வெற்றிடத்தில் அந்த இடங்களில் எல்லாம் சிலிக்கோன் ரப்பரை ஏற்றுவார்கள். அப்புறம் வேண்டிய நிலையில் நிறுத்தி இறுக வைப்பார்கள். வாசனை இருக்காது, கெடவும் கெடாது. முதல் பொதுக் கண்காட்சி 1995-ல் டோக்கியோவில் நடந்தது. உயிரோடு இருக்கும்போதே எழுதிக் கொடுத்தவர்களின் உடல்களைத்தான் முழுதாக நிறுத்துகிறோம் என்பது அவர் தரப்பு. அது நடக்கிற வரைக்கும் என்னால் குறை சொல்ல முடியாது. புகைபிடித்தவரின் நுரையீரலை நேரில் பார்த்து சிகரெட்டை விட்டவர்கள் இருப்பார்கள்.

ஆனால் அதைப் பார்த்துக் கிளம்பிய மற்ற கம்பெனிகள்தான் எனக்குப் பயம். நியூயார்க்கில் நடந்த ஒரு கண்காட்சிக்குச் சீனாவிலிருந்து உடல்கள் வந்தன. 2008-ல் மாநில அரசு விசாரித்தபோது, இவர்கள் சிறையில் மரணதண்டனை பெற்றவர்கள் இல்லை என்று தங்களால் உறுதிப்படுத்த முடியாது என்பதை வாசலிலேயே எழுதி ஒட்ட அந்த நிறுவனம் ஒப்புக்கொண்டது. அதைப் படித்துவிட்டும் உள்ளே போக எப்படி மனம் வரும்? பாரிஸில் இப்படியொரு கண்காட்சியை 2009-ல் நீதிமன்றம் மூடச் சொன்னது. இங்கே பிரிட்டனில் சட்டம் கறார், காட்சிக்கு வைக்க இறந்தவரே சாட்சியோடு எழுதிக் கொடுத்திருக்க வேண்டும், குடும்பத்தார் சொன்னால்கூடப் போதாது. இருந்தும் 2018-ல் பர்மிங்காமில் ஒரு கண்காட்சி நடந்தது. உடல்கள் வெளிநாட்டிலிருந்து வந்தவை என்பதால் அந்த விதி அவற்றுக்குப் பொருந்தவில்லை. வெளிநாட்டுக்காரர் என்றால் கேட்க வேண்டாமா? எனக்கு வயிறெரிகிறது.

அதனால் என் பதில் இதுதான். நீ கையெழுத்துப் போடு. போடும்போது உன் கையாலேயே எழுதி இணைத்துவிடு: மாணவர்களுக்குப் பாடம் நடத்த மட்டும், பொதுமக்கள் காட்சிக்குக் கூடாது, படம் பிடிக்கக் கூடாது என்று. ஒரு நகலைக் கல்லூரியில் முத்திரை வாங்கி வைத்துக்கொள். கண்ணை முதலில் எடுக்கச் சொல், அதற்கு ஆறு மணி நேரத்துக்குள் ஆள் வர வேண்டும். உன்னோடு பிரபுவையும் உட்கார வைத்து எழுது. நாளைக்கு உனக்கு ஒன்று ஆனால் கல்லூரிக்கு போன் செய்து சொல்ல வேண்டியவன் அவன்தான், அவன் மனசில்லாமல் உன் கையெழுத்து செல்லாக்காசு. அவன் வேண்டாம் என்பது உன்மேல் உள்ள பிரியத்தால். சண்டை போடாதே. பொங்கலுக்கு நான் வரும்போது நானும் பேசுகிறேன். அவனிடம் ஐந்தாம் மேசையைப் பற்றி என்றைக்காவது சொல்லியிருக்கிறாயா? நான் என் பிள்ளைகளிடம் சொன்னதில்லை. போன வாரம்தான் சின்னவளிடம் போனில் சொன்னேன். ரொம்ப நேரம் பேசாமல் இருந்துவிட்டு, அந்தப் பாட்டி பேர் என்னம்மா என்று கேட்டாள்.

கோலத்துக்குக் கீழே இருந்த எழுத்து உனக்கு நினைவிருக்கிறதா மல்லிகா? முதல் எழுத்து 'வ' என்றுதான் எனக்கு வருகிறது, அதற்கு மேல் தெரியவில்லை. நீதான் தடவிப் பார்த்தாய். ஞாபகம் வந்தால் அடுத்த கடிதத்தில் எழுது.

அன்புடன்,
சாந்தி