பனி தெரிந்தால் எல்லாம் பனிக்காலப் போர் ஆகிவிடாது

ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். போன ஞாயிறு இணைப்பில் ஃபின்லாந்துக்கும் சோவியத் யூனியனுக்கும் நடந்த பனிக்காலப் போரைப் பற்றி வந்த கட்டுரை நன்றாகவே இருந்தது, அதில் குறை சொல்ல எனக்கு ஒன்றும் இல்லை. ஆனால் கட்டுரைக்கு மேலே அரைப் பக்கத்துக்குப் போட்டிருந்தீர்களே ஒரு படம், அதன் கீழே "1939: செம்படையைத் தாக்கும் ஃபின்லாந்துப் பீரங்கி" என்று எழுதியிருந்தது தப்பு. அந்தப் போர் 1939 நவம்பர் 30இல் தொடங்கி 1940 மார்ச் 13இல் முடிந்தது. படத்தில் இருக்கும் பீரங்கி அதுவரை ஃபின்லாந்துப் படையிடம் இருந்ததே இல்லை.

எதை வைத்துச் சொல்கிறேன் என்று கேட்பீர்கள். படத்தைக் கொஞ்சம் பெரிதாக்கிப் பாருங்கள். பீரங்கிக்கு முன்னால் வீரர்களை மறைக்கும் கேடயத் தகடு கிடையாது. குழலுக்கு மேலே தடித்த உருளை ஒன்று படுத்திருக்கிறது, அடியில் குழலைத் தாங்கும் நீளமான தொட்டில், இரண்டு பக்கமும் குழலின் எடையைச் சமன் செய்யும் உருளைகள், பின்னால் இரண்டாகப் பிரிந்து விரியும் கால்கள், மர ஆரக்கால் சக்கரத்துக்குப் பதிலாக ரப்பர் பட்டை ஒட்டிய கனமான உலோகச் சக்கரம். இத்தனையும் ஒன்றாக இருந்தால் அது ஜெர்மனியின் 150 மி.மீ. கனரக ஹோவிட்சர் (குண்டை உயரத் தூக்கி வளைவாக எறியும் குட்டைக் குழல் பீரங்கி), எஸ்.எஃப்.ஹெச். 18. குழலைச் சுமக்கும் இதே சக்கர வண்டியில் ஜெர்மானியர்கள் 105 மி.மீ. பீரங்கி ஒன்றையும் ஏற்றினார்கள் என்பது உண்மைதான், ஆனால் அதன் குழல் மெலிந்து நீண்டு போகும். உங்கள் படத்தில் இருப்பது குட்டையும் தடியுமான குழல். இந்த ஹோவிட்சரில் 48ஐ ஃபின்லாந்து ஜெர்மனியிடமிருந்து வாங்கியது 1940இல், பனிக்காலப் போர் முடிந்த பிறகு. அவர்கள் அதற்கு வைத்த பெயரே 150 ஹெச் 40. ஆக, படத்தில் எவ்வளவு பனி கொட்டிக் கிடந்தாலும் அது 1939 ஆக முடியாது. 1941 ஜூனில் மறுபடி தொடங்கி 1944 செப்டம்பர் வரை ஓடிய தொடர்போரின் ஏதோ ஒரு குளிர்காலமாகத்தான் இருக்க வேண்டும்.

இதை நான் இவ்வளவு நீட்டுவதற்குக் காரணம், இது உங்கள் பத்திரிகை மட்டும் செய்யும் தப்பு இல்லை. பனி, வெள்ளை அங்கி, ஊசியிலைக் காடு என்ற மூன்றும் ஒரு படத்தில் இருந்தால் உடனே "பனிக்காலப் போர்" என்று எழுதிவிடுவது உலகம் முழுக்க இருக்கும் பழக்கம். ஃபின்லாந்தில் பனி 1940 மார்ச்சோடு நின்றுபோய்விடவில்லை, தொடர்போரிலும் முழுதாக மூன்று குளிர்காலங்கள் இருந்தன. பனியை வைத்து ஆண்டைச் சொல்ல முடியாது, பீரங்கியை வைத்து ஓரளவு சொல்லலாம். ஒவ்வொரு வகையும் அந்த நாட்டுக்கு எப்போது வந்தது என்று தெரியும், அதற்கு முந்தைய தேதி எதுவும் அந்தப் படத்துக்குப் பொருந்தாது, அவ்வளவுதான் கணக்கு.

ஃபின்லாந்துப் பீரங்கிப் படை மாதிரி ஒரு கதம்பத்தை வேறெங்கும் பார்ப்பது கடினம். 1917 வரை அந்த நாடு ரஷ்யப் பேரரசின் ஒரு பகுதி, அதனால் ரஷ்யப் படை விட்டுப்போன பீரங்கிகள்தான் அதன் முதல் சொத்து. அப்புறம் ஸ்வீடன், பிரான்ஸ், பிரிட்டன், அமெரிக்கா, ஜெர்மனி என்று யார் விற்றாலும் வாங்கினார்கள், போதாததற்கு சோவியத் படையிடமிருந்து பிடித்தவை வேறு. பெயர் வைக்கும் முறை மட்டும் ஒழுங்கானது: முதலில் குழலின் வாயளவு மில்லிமீட்டரில், அடுத்து வகையைச் சொல்லும் எழுத்து (கே என்றால் நீளக் குழல் பீரங்கி, ஹெச் என்றால் ஹோவிட்சர், பி.எஸ்.டி.கே. என்றால் டாங்கி எதிர்ப்புப் பீரங்கி), கடைசியில் ஆண்டு. 76 கே 02 என்றால் 1902ஆம் ஆண்டு மாடல் 76 மி.மீ. ரஷ்யப் பீரங்கி.

இந்த 76 கே 02தான் பனிக்காலப் போரில் ஃபின்லாந்திடம் அதிகம் இருந்த களப் பீரங்கி. மர ஆரக்கால் சக்கரம், முன்னால் தகடு, பின்னால் பிரியாத ஒற்றைக் கால். சிக்கல் என்னவென்றால் எதிரில் நின்ற செம்படையிடமும் இதே பீரங்கி இருந்தது. 122 மி.மீ. ஹோவிட்சர்களும் அப்படியே, ஜார் காலத்தில் ஜெர்மனியின் க்ரூப் வடிவமைத்த 1909 மாடலும் பிரான்ஸின் ஷ்னைடர் வடிவமைத்த 1910 மாடலும் இரண்டு தரப்பிலும் சுட்டுக்கொண்டிருந்தன. பீரங்கியை மட்டும் பார்த்து "இது ஃபின்லாந்து, இது சோவியத்" என்று சொல்வது இங்கே நடக்காத காரியம், பக்கத்தில் நிற்கும் ஆளின் தொப்பியையும் சட்டையையும் பார்க்க வேண்டும். ஒரு சின்னத் துப்பு உண்டு. 1930இல் சோவியத் அரசு 02 மாடலைப் புதுப்பித்தபோது பலவற்றின் குழலை நீட்டியது, சுமார் 2.3 மீட்டர் இருந்தது 3 மீட்டர் ஆனது. அந்த நீளக் குழலுக்குப் பக்கத்தில் ஃபின்லாந்து வீரர் நின்றால் அது பிடிபட்ட பீரங்கி. குட்டைக் குழல் இருந்தால் இதை வைத்து எதுவும் முடிவு செய்ய முடியாது, ஏனென்றால் புதுப்பித்தவற்றில் பழைய குழலோடு இருந்தவையும் உண்டு.

1940 ஜனவரியில் கிழக்கு ஃபின்லாந்தின் ராட்டே சாலையில் சோவியத்தின் 44ஆவது டிவிஷன் சிதறியபோது எடுத்த படங்களைப் பலரும் பார்த்திருப்பீர்கள். சாலையோரம் வரிசையாக டாங்கி, லாரி, பீரங்கி, நடுவில் ஃபின்லாந்து வீரர்கள். இவற்றில் சில "ஃபின்லாந்துப் பீரங்கிப் படை" என்ற குறிப்போடு சுற்றுகின்றன. எழுதியவரைக் குற்றம் சொல்லவும் மனசு வரவில்லை, சில வாரத்தில் அந்தப் பீரங்கிகள் உண்மையாகவே ஃபின்லாந்துப் பீரங்கிகள் ஆகிவிட்டன.

டாங்கி எதிர்ப்புப் பீரங்கிகளில் குழப்பம் இன்னும் அதிகம். ஜெர்மனியின் 37 மி.மீ. பாக் 36உம் சோவியத்தின் 45 மி.மீ. பீரங்கியும் பெரியப்பா பிள்ளை, சித்தப்பா பிள்ளை மாதிரி. சோவியத் அரசு ஜெர்மனியின் ரைன்மெட்டால் நிறுவனத்திடம் வாங்கிய 37 மி.மீ. வடிவத்தைத்தான் பின்னால் 45 ஆகப் பெருக்கியது. ஃபின்லாந்துக்காரர்கள் இரண்டையும் பயன்படுத்தினார்கள். தகடு நன்றாகப் பின்னால் சாய்ந்து, குழல் மெலிந்திருந்தால் ஜெர்மன். தகடு ஏறக்குறைய நிமிர்ந்து, குழல் கொஞ்சம் தடித்து நீண்டு, சக்கரத்தில் பழைய மோட்டார் கார் மாதிரி மெல்லிய கம்பி ஆரங்கள் தெரிந்தால் சோவியத். இதெல்லாம் இல்லாத மூன்றாவது ஒன்றும் உண்டு, ஸ்வீடனின் போஃபர்ஸ் 37 மி.மீ.; ஃபின்லாந்திலேயே உரிமம் பெற்றுத் தயாரித்தது. பனிக்காலப் போரின் தொடக்கத்தில் அவர்கள் கையில் டாங்கி எதிர்ப்புக்கென்று இருந்தது சுமார் நூறு போஃபர்ஸ் மட்டும்தான். ஆகவே 1939 டிசம்பர் என்று குறிப்பிட்ட படத்தில் 75 மி.மீ. பாக் 40 நின்றால், பெரிய மஸில் பிரேக்கும் (சுடும்போது பீரங்கி பின்னால் உதைப்பதைக் குறைக்கக் குழல் முனையில் இருக்கும் உறுப்பு) மடித்த தட்டையான தகடும் அதைக் காட்டிக்கொடுத்துவிடும், தேதியை அடித்துவிட்டு வேறு தேதி தேடுங்கள்.

மஸில் பிரேக் என்று சொன்னதால் இன்னொன்று. 1941இல் பிடிபட்ட சோவியத்தின் 152 மி.மீ. எம்.எல். 20உம் 122 மி.மீ. ஏ 19உம் ஏறக்குறைய ஒரே வண்டியில் உட்கார்ந்திருப்பவை, தூரத்திலிருந்து எடுத்த படத்தில் பிரித்துச் சொல்வது கஷ்டம். குழலின் முனையைப் பார்க்க வேண்டும்: வரிசையாக நிறைய வெட்டுகள் உள்ள மஸில் பிரேக் இருந்தால் 152, ஒன்றும் இல்லாமல் நீண்ட குழல் அப்படியே முடிந்தால் 122. ஆனால் பனி புகாமல் இருக்கக் குழல் வாயில் கித்தான் உறை மாட்டியிருந்தால் போச்சு. அப்போது பக்கத்தில் ஆள் தூக்கும் குண்டைப் பார்க்கலாம், 152இன் குண்டு 40 கிலோவுக்கு மேல், 122இன் குண்டு 25 கிலோவை ஒட்டி.

அருங்காட்சியகத்துக்குப் போய் ஒப்பிட்டுப் பார்த்தேன் என்று சொல்பவர்களிடமும் ஒரு எச்சரிக்கை சொல்ல வேண்டும். ஹமேன்லின்னா நகரத்தில் நல்ல பீரங்கி அருங்காட்சியகம் இருக்கிறது. ஆனால் ஃபின்லாந்துக்காரர்கள் எதையும் சீக்கிரம் தூக்கிப்போடுகிறவர்கள் இல்லை. நான் மேலே சொன்ன ஜெர்மன் ஹோவிட்சரையே 1980களின் கடைசியில் புதுக் குழல் போட்டு 152 மி.மீ. ஆக்கினார்கள், முனையில் மஸில் பிரேக்கும் வந்தது. எம்.எல். 20க்கும் புதுக் குழல் போட்டார்கள். இன்று நேரில் பார்ப்பது 1942இல் இருந்த உருவம்தான் என்று நினைத்துப் படத்தோடு பொருத்தினால் பொருந்தாது.

அடுத்து, படம் இடம் வலம் மாறி அச்சாகியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். நெகட்டிவைத் திருப்பிப் போட்டு அச்சடித்த படங்கள் நிறைய இருக்கின்றன, பக்க அமைப்புக்காகப் பத்திரிகைகளே திருப்புவதும் உண்டு (உங்கள் அலுவலகத்தில் செய்வதில்லை என்று நம்புகிறேன்). பெரும்பாலான பீரங்கிகளில் குறிபார்க்கும் கருவி இடது பக்கம் இருக்கும், குறிபார்ப்பவரும் அங்கேதான் உட்காருவார். அது வலப்பக்கம் தெரிந்தால் சந்தேகப்படுங்கள், பக்கத்தில் யாராவது ரைஃபிள் வைத்திருந்தால் அதன் போல்ட் கைப்பிடியை (தோட்டாவை ஏற்ற இழுக்கும் பிடி, வழக்கமாக வலப்பக்கம் இருக்கும்) பாருங்கள், அதுவும் இடப்பக்கம் வந்திருந்தால் படம் திரும்பியிருக்கிறது.

இவ்வளவு வேலை பார்க்க ஞாயிறு இணைப்பின் உதவி ஆசிரியருக்கு நேரம் இருக்காது என்பது எனக்கும் தெரியும். அதற்குச் சுலபமான வழி இருக்கிறது. ஃபின்லாந்துப் பாதுகாப்புப் படை தன் போர்க்காலப் படங்களில் ஏறக்குறைய 1,60,000ஐ 2013இல் எஸ்.ஏ. குவா என்ற பெயரில் இணையத்தில் திறந்துவிட்டது, யாரும் இலவசமாகப் பார்க்கலாம். பெரும்பாலும் படையின் செய்திப் பிரிவுக்காரர்கள் எடுத்தவை. குறிப்பில் இடமும் தேதியும் இருந்தால் அதைப் பெரும்பாலும் நம்பலாம். பீரங்கியின் வகையைப் பற்றி வெறுமனே "பீரங்கி" என்றுதான் பல குறிப்புகளில் இருக்கும், எடுத்தவருக்கு அது போதுமானதாக இருந்திருக்கிறது. தப்பெல்லாம் வருவது அதற்கப்புறம், படம் அங்கிருந்து கிளம்பி நாலு கை மாறி, ஒவ்வொருவரும் தங்களுக்குத் தோன்றியதைச் சேர்த்து எழுதும்போதுதான். ஆகவே காப்பகத்தில் இருக்கும் எண்ணையும் தேதியையும் இடத்தையும் போடுங்கள், பீரங்கியின் பெயர் உறுதியாகத் தெரியாவிட்டால் "பீரங்கி" என்று மட்டும் எழுதுங்கள், யாரும் ஒன்றும் சொல்ல மாட்டார்கள். ஆண்டை மட்டும் கற்பனையில் போடாதீர்கள்.

இப்போதைக்கு அடுத்த ஞாயிறு ஒரு வரித் திருத்தம் வந்தால் போதும்: "படத்தில் இருப்பது ஃபின்லாந்துப் படையின் 150 மி.மீ. ஹோவிட்சர், படம் 1939இல் எடுத்தது அல்ல." காப்பகத்தில் அந்தப் படத்தைத் தேடிப் பிடித்து, எந்த மாதம், எந்த ஊர் என்பதையும் சேர்த்துப் போட்டால் இன்னும் நல்லது.

இப்படிக்கு,
ஒரு வாசகர்,
கோயம்புத்தூர்