பின்சந்துப் புழுத்தொட்டிகளுக்குக் கூரை போட உதவுங்கள்

யாங்கோனில் நம் தெருவில் குடியிருப்பவர்களுக்கும், கோயிலுக்கு வந்துபோகிற எல்லாருக்கும் தொட்டிக் கமிட்டியின் வணக்கம்.

நம் வீடுகளுக்குப் பின்னால் இருக்கும் சந்து எப்படிக் கிடக்கிறது என்று உங்களுக்கே தெரியும். மாடியிலிருந்து விழுகிற பைகள், தேங்கிய சாக்கடை, எலி. 2018 ஏப்ரலில் லைங்தாயாவில் டெய்ன்பின் குப்பைமேடு தீப்பிடித்து நாள்கணக்கில் புகைந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். நாம் கட்டிப் போடுகிற வாழைக்காய்த் தோலும் அப்படிப்பட்ட மேட்டுக்குத்தான் போகிறது.

போன வருஷம் சந்து முனையில் ஒரே ஒரு கிணற்று உறையை இறக்கி மண்புழு விட்டுப் பார்த்தோம். அடியில் தென்னைநார், கிழித்த அட்டைப்பெட்டி, ஒரு கூடை காய்ந்த சாணம். மேலே ஐந்து வீட்டுக் காய்கறிக் கழிவு, டீக்கடைத் தேயிலைச் சக்கை, நாரை உருவிய சாமி மாலைகள். நல்ல தீனி கிடைத்தால் புழு தன் எடையில் பாதியை ஒரே நாளில் தின்றுவிடும். மூன்றாம் மாதம் கையை விட்டு உரத்தை அள்ளினோம். டீத்தூள் மாதிரிக் கறுப்பாக, பொலபொலவென்று உதிர்ந்தது. மழை விழுந்த மண்ணின் வாசனை. நாற்றமடிக்கும் என்று சண்டைக்கு வந்த எதிர்மாடிப் பாட்டிதான் கறிவேப்பிலைச் செடிக்கு வேண்டுமென்று முதலில் வந்து வாங்கிப் போனார்.

அப்புறம் மழைக்காலம் வந்தது. உறைக்குக் கூரை போடாமல் விட்டது எங்கள் தவறு. ஒரே ராத்திரி மழையில் தண்ணீர் தளும்பி, விடிந்து பார்த்தால் புழுக்கள் விளிம்பில் கொத்துக்கொத்தாக ஏறிக் கிடந்தன. பாதிக்கு மேல் செத்துவிட்டன. மண்புழு தோலால் மூச்சு விடுகிறது. அதற்கு ஈரம் வேண்டும், ஆனால் தேங்கின தண்ணீரில் காற்று போதாது. அன்று காலை மனசே சரியில்லை.

பிழைத்தவை பெருகிவிட்டதால் புழு வாங்கச் செலவில்லை. மே மாதம் மழை பிடிப்பதற்குள் ஆறு உறைகள் இறக்க வேண்டும். எல்லாவற்றுக்கும் சேர்த்து ஒரு தகரக் கூரை, அடியில் வடிகால் குழாய், எலிக்குக் கம்பிவலை, சித்திரை வெயிலுக்கு மேலே நனைத்துப் போடச் சாக்கு. பின்சந்தைக் கழுவி எடுக்க ஆள்கூலியும் உண்டு. கூரைக்குத்தான் பெருஞ்செலவு. சிமெண்டும் தகரமும் விலை நிற்காததால் அன்றன்றைய கணக்கைக் கோயில் அறிவிப்புப் பலகையில் ஒட்டுகிறோம். ஒரு உறையை ஒரு குடும்பமே ஏற்றாலும் சரி, நாலு வீடு சேர்ந்து ஏற்றாலும் சரி. பணம் முடியாதவர்கள் பழைய தகரமோ சாக்கோ கொடுங்கள், ஞாயிறு காலை வந்து கை கொடுங்கள்.

ஒன்று மட்டும் கேட்டுக்கொள்கிறோம். ஙாப்பி (உப்பிட்டுப் புளிக்கவைத்த மீன், இறால் விழுது), மீன், எண்ணெய்க் குழம்பு எதையும் தொட்டியில் போடாதீர்கள். உப்பும் எண்ணெயும் புழுவுக்கு ஆகாது.

நன்கொடையைக் கோயில் அலுவலகத்தில் கட்டி ரசீது வாங்கிக்கொள்ளுங்கள். ரசீதுப் புத்தகம் இல்லாமல் கமிட்டி பெயரைச் சொல்லி யார் வந்தாலும் கொடுக்க வேண்டாம்.