மாவு மில் அண்ணாச்சிக்கும் மற்ற எல்லோருக்கும்

அண்ணாச்சி, இதை உங்களுக்கு வாசித்துக் காட்டும்படி உங்கள் மகளிடம் சொல்லியிருக்கிறேன்.

என் மகனின் ஆட்டிசத்தால் எங்கள் வீட்டில் நடந்தது தெருவுக்கே தெரியும். அதையெல்லாம் திரும்ப எழுத எனக்குத் தெம்பில்லை. நேற்று தெரபி மேடம், "எல்.கே.ஜி.யில சேத்துருங்க, இனி வாரம் ஒரு தடவை வந்தாப் போதும்" என்றதும் எனக்கு அழுகை முட்டிக்கொண்டு வந்தது. வெளியே வந்து பஸ்ஸுக்கு நிற்கும்போது முதலில் நினைவுக்கு வந்தது உங்கள் மில்தான்.

அந்தச் சத்தம் கேட்டாலே காதைப் பொத்திக்கொண்டு ரோட்டில் விழுந்து புரளுவான். அங்கன்வாடிக்குப் போக வேறு வழியும் கிடையாது. பிடிவாதம் என்றார்கள், நான் கொடுக்கும் செல்லம் என்றார்கள். நீங்கள் எதுவும் கேட்கவில்லை, எங்களைப் பார்த்ததும் மோட்டாரை நிறுத்தினீர்கள். மறுநாளும் நிறுத்தினீர்கள். அரவை ஓடும்போது சட்டென்று நிறுத்தினால் உள்ளே மாவு அடைத்துக்கொள்ளும் என்பதால், தெருமுனையில் எங்கள் தலை தெரியும்போதே மேலே தவசம் விழும் வாயை அடைத்துவிடுவீர்கள். வரிசையில் நின்றவர்கள் முணுமுணுத்தபோது, "பிள்ள போவட்டும், மொளகா எங்கயும் ஓடிராது" என்று நீங்கள் சொன்னது என் காதில் விழுந்தது.

பிறகு ஒருநாள் ஸ்டார்ட்டர் பெட்டியில் படிந்திருந்த மாவைத் துண்டால் துடைத்து, அவனைத் தூக்கி, சிவப்பு பட்டனில் அவன் விரலையே வைத்து அமுக்க விட்டீர்கள். பெல்ட் மெதுவாகச் சுற்றி ஓய்ந்தது. பெல்ட்டைப் பார்த்தான், உங்கள் முகத்தைப் பார்த்தான். யார் முகத்தையும் பார்க்காத பிள்ளை, அண்ணாச்சி.

அதுவரை எது வேண்டுமானாலும் என் மணிக்கட்டைப் பிடித்து இழுத்து, என் கையை அந்தப் பொருள்மேல் வைப்பான். அவன் முதன்முதலாக விரல் நீட்டிக் காட்டியது உங்கள் சிவப்பு பட்டனைத்தான். தெரபி மேடத்திடம் சொன்னபோது, சொல்லாமல் வரும் சத்தம்தான் இந்தப் பிள்ளைகளை மிரட்டும், தானே நிறுத்த முடிகிற சத்தத்துக்கு அவ்வளவு பயம் இருக்காது என்றார்கள். அதை யாரும் சொல்லிக்கொடுக்காமலே நீங்கள் செய்திருக்கிறீர்கள்.

பேர் சொல்லிக் கூப்பிட்டால் திரும்புவதில்லை என்று முதலில் கவனித்து, "காது டெஸ்ட் எடுங்க, அதோட விட்டுராதீங்க" என்ற அங்கன்வாடி டீச்சர், வேனில் வந்து பார்த்துச் சீட்டு எழுதித் தந்த டாக்டர், இப்படிப்பட்ட பிள்ளைகளுக்குச் சின்ன வயதிலேயே பயிற்சி தரும் மாவட்ட ஆரம்பநிலை இடையீட்டு மையத்தில் பைசா வாங்காமல் தரையில் உட்கார்ந்து அவனோடு விளையாடியவர்கள், படம் ஒட்டிய அட்டைகளை வீடெங்கும் தொங்கவிட்ட என் மாமியார், ஜன்னல் சீட் பிடித்துவைத்த கண்டக்டர் அண்ணன் எல்லோருக்கும் என் நன்றி.

ஆட்டிசம் மாத்திரையில் போகிற காய்ச்சல் இல்லை. அவன் அவனாகத்தான் வளருவான், எனக்கு அது சம்மதம். ஆனால் "ஆம்பளப் பிள்ளைக்குப் பேச்சு லேட்டாத்தான் வரும்" என்று யார் சொன்னாலும் இனிமேல் நான் சும்மா இருக்க மாட்டேன். ஒன்றரை வயதாகியும் விரல் நீட்டிக் காட்டாத, கூப்பிட்டால் திரும்பாத பிள்ளை இருந்தால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள். மாற்றுத்திறனாளிகளுக்கான 2016 சட்டத்தில் ஆட்டிசமும் உண்டு. மாற்றுத்திறனாளிகளுக்கான அடையாள அட்டைக்கு (யு.டி.ஐ.டி.) எங்கே, என்ன எழுதிக்கொடுக்க வேண்டும் என்பதெல்லாம் எனக்கு இப்போது மனப்பாடம், கூட வந்து எழுதித் தருகிறேன்.

வரும் புதன்கிழமை காலை ஏழு மணி பஸ்ஸில் மையத்துக்குப் போகிறோம். வர நினைக்கிறவர்கள் முந்தின நாள் வீட்டுக்கு வந்து ஒரு வார்த்தை சொல்லுங்கள்.