பேட்டரியை மாற்றும் முன் பிடிப்பைப் பார்

அன்புள்ள மகளுக்கு,

காரின் சாவியைத் திருப்பினால் ‘டக்’கென்று ஒரு சத்தம் மட்டும் வருகிறது, விளக்கும் மங்கிவிடுகிறது என்றாயே. அவசரப்பட்டுப் புது பேட்டரி வாங்கிவிடாதே. இன்ஜினைச் சுழற்றிக் கிளப்பும் ஸ்டார்ட்டர் மோட்டார் சுற்றும்போது 100, 200 ஆம்பியர் இழுக்கும். கேபிள் பேட்டரியோடு சேரும் பிடிப்பில் 0.01 ஓம் தடை சேர்ந்தாலே போதும், 150 ஆம்பியரில் 1.5 வோல்ட் அங்கேயே சூடாகப் போய்விடும். பேட்டரி நன்றாக இருந்தாலும் மோட்டார் திணறும்.

அதனால் முதலில் வோல்ட் அளக்கும் மல்டிமீட்டரால் அளந்து பார். வண்டி சில மணி நேரம் சும்மா நின்ற பிறகு பேட்டரியில் 12.6 வோல்ட் பக்கம் காட்டினால் சார்ஜ் இருக்கிறது. 12.2க்குக் கீழே என்றால் சார்ஜ் ஏற்றிவிட்டு மறுபடி பார். அடுத்து, மல்டிமீட்டரின் ஒரு ஊசியை பேட்டரியின் ஈய முளை மேலும், மற்றதை அதைக் கவ்வியிருக்கும் கிளாம்ப் மேலும் வை. கியர் நியூட்ரலில் இருக்கட்டும், கை பிரேக்கைப் போட்டுவிட்டு யாரையாவது ஸ்டார்ட் செய்யச் சொல். அந்த நேரம் 0.1 வோல்ட்டைத் தாண்டினால் குற்றவாளி அந்தப் பிடிப்புதான். இரண்டு முளைகளிலும் பார். நெகட்டிவ் கேபிள் பாடியிலும் இன்ஜினிலும் முறுக்கியிருக்கும் இடத்தையும் விடாதே; பலரும் மறந்துபோவது அந்த முனையைத்தான்.

கழற்றும்போது நெகட்டிவ் முதலில், பாசிட்டிவ் பிறகு. மாற்றிச் செய்தால் பாசிட்டிவில் இருக்கும் ஸ்பேனர் பாடியில் பட்டால் ஷார்ட் ஆகும். பேட்டரியைச் சுற்றி ஹைட்ரஜன் இருந்தால் வெடிக்கவும் கூடும். மோதிரம், வளையல் எல்லாவற்றையும் கழற்றி வை. கண்ணுக்குப் பாதுகாப்புக் கண்ணாடியும் கையுறையும் கட்டாயம். நட்டு பெரும்பாலும் 10 மி.மீ. ஸ்பேனருக்குச் சேரும். கிளாம்ப் வரவில்லையென்றால் ஸ்க்ரூடிரைவரால் நெம்பாதே, முளையின் அடியில் விரிசல் விட்டு ஆசிட் கசியும். நெகட்டிவ் கிளாம்பில் சிறு பெட்டி மாதிரி சென்சார் இருந்தால் அதைத் தட்டவே கூடாது.

வெள்ளையாகவோ பச்சையாகவோ பூத்திருப்பதைக் கழுவ, ஒரு கப் தண்ணீரில் ஒரு மேசைக்கரண்டி சமையல் சோடா போதும். பேட்டரி மூடிக்குள் ஒரு சொட்டும் போகக் கூடாது. துடைத்து உலர்ந்ததும், முளையும் கிளாம்பின் உட்புறமும் பளிச்சென்று ஆகும்வரை கம்பி பிரஷ்ஷால் தேய். அந்தத் தூசி ஈயம்; ஊதாதே, கையைச் சோப்பு போட்டுக் கழுவு.

வெளியே பூத்திருப்பது அவ்வளவு பயமில்லை. கேபிளின் உறைக்குள் செம்பு கறுத்துப் போவதுதான் மோசம். கிளாம்பை ஒட்டிக் கேபிளை மெல்ல வளைத்துப் பார். மொரமொரவென்று இருந்தாலோ உறை உப்பியிருந்தாலோ உள்ளே இழைகள் அரித்திருக்கும். செம்பு மின்னும் இடம்வரை வெட்டு. மிச்சம் இழுபடாமல் முளையை எட்டினால் மட்டும் புது முனை போடு. எட்டாவிட்டால் கேபிளையே மாற்று. அந்தப் புது முனையின், அதாவது லக்கின், அளவு கேபிளின் சதுர மில்லிமீட்டருக்குப் பொருந்த வேண்டும். பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் குழாயை (சூடு காட்டினால் சுருங்கி ஒட்டிக்கொள்ளும் உறை) முதலிலேயே கேபிளில் மாட்டிக்கொள். லக்கைச் சரியான கிரிம்பிங் கருவியால் அழுத்து, சுத்தியலால் நசுக்கினால் சில மாதத்தில் தளர்ந்துவிடும். இரண்டு ஸ்க்ரூ வைத்து இறுக்கும் அவசரக் கிளாம்ப் வீடு வந்து சேர உதவும், அதற்கு மேல் அதை நம்பாதே.

கிளாம்பின் இரண்டு காதுகளும் ஒட்டிய பிறகும் அது முளையில் சுழன்றால், தேய்ந்துவிட்டது, கிளாம்பை மாற்று. இறுக்குவதால் பயனில்லை.

மாட்டும்போது பாசிட்டிவ் முதலில். கிளாம்பை அடிவரை அழுத்திவிட்டு இறுக்கு, ஆனால் பலத்தையெல்லாம் காட்டாதே, ஈயம் மிருதுவானது. கையால் திருகினால் அசையாமல் இருந்தால் போதும். வாசலினை இறுக்கிய பிறகு வெளிப்புறமாகப் பூசு.

எல்லாம் முடிந்ததும் அதே இடத்தில் மறுபடி அளந்து, முன்னே காட்டியது எவ்வளவு, இப்போது எவ்வளவு என்று எனக்கு எழுது. இன்ஜின் ஓடும்போது பேட்டரியில் என்ன காட்டுகிறது என்பதையும் சேர்த்துச் சொல். பல வண்டிகளில் அது 13.8க்கும் 14.5க்கும் நடுவே இருக்கும்.

அன்புடன்,
அப்பா